வகுப்பு தொடங்குமுன் வந்து சேர்ந்தவர்கள்

எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு கபடி வீராங்கனை இருக்கிறார். போன மாதம் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்டார்: "அக்கா, அமெரிக்காவுல விளையாடுற பசங்கள மட்டும் ரெண்டு மாசம் முன்னாடியே காலேஜுக்கு வரச் சொல்றாங்களே, எதுக்கு? அவங்களுக்கு மட்டும் லீவு கிடையாதா?" வீடியோவில் ஒரு கறுப்பினப் பையன் இரண்டு பைகளோடு விடுதிக்குள் நுழைகிறான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வளாகத்தில் வேறு யாருமே இல்லை. ஜூன் மாதம்.

"பயிற்சிக்காக இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பதில் எங்களுக்கே போதவில்லை. தேடிப் படித்தபோது, ஒரு கோடை விடுமுறைக்குள் இவ்வளவு வரலாறு அடைந்து கிடக்கிறதா என்று தோன்றியது. தோழர்களே, படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நடைமுறை. அமெரிக்கக் கல்லூரிகளில் கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். பள்ளி மே அல்லது ஜூனில் முடிந்துவிடும். இடையில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் மற்ற பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள், ஊர் சுற்றுவார்கள், வீட்டில் கிடப்பார்கள். பல்கலைக்கழகம் தன் அணிக்கென்று தேர்ந்தெடுத்த மாணவர், குறிப்பாக அமெரிக்கன் ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும், ஜூனிலேயே வந்துவிடுவார். கோடைக்கால வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்கள். மீதி நேரம் எடைத்தூக்கும் கூடம், ஓட்டம், அணியின் ஆட்ட உத்திகள். உதவித்தொகை அந்த மாதங்களுக்கும் உண்டு. சிலர் பள்ளியை டிசம்பரிலேயே முடித்துவிட்டு ஜனவரியில் கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டில் கல்லூரி விளையாட்டு பிறந்ததே கோடை விடுமுறையில்தான். 1852 ஆகஸ்ட் 3 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் வின்னிபிசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டி நடத்தின. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி அது. மாணவர்களின் செலவை ஏற்றது ஒரு ரயில்வே கம்பெனி. போட்டியைப் பார்க்கக் கூட்டம் ரயிலேறி வரும் என்ற கணக்கு. விளையாட்டு, விடுமுறை, வியாபாரம் மூன்றும் முதல் நாளிலிருந்தே ஒரே படகில் ஏறிவிட்டன. அந்த ஆண்டில் தெற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் இன்னும் அடிமைகளாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி பெரிய பல்கலைக்கழகங்களில் நடக்கவில்லை. அது அலபாமாவின் டஸ்கிகியிலும் டென்னசியின் நாஷ்வில்லிலும் நடந்தது. இரண்டும் கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரிகள், இரண்டிலும் பணம் கிடையாது.

டஸ்கிகியில் கிளீவ்லண்ட் அபட் என்ற பயிற்சியாளர் 1930-களில் பெண்கள் தடகள அணியை வளர்த்தார். பெண்கள் ஓடினால் உடம்பு கெடும் என்று வெள்ளைக் கல்லூரிகள் பலவும் நம்பிக்கொண்டிருந்த காலம். அபட் பள்ளி மாணவிகளைத் தேடிப்பிடித்துக் கோடையில் வளாகத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். அப்படி 1939-ல் வந்தவர் ஜார்ஜியா மாநிலம் ஆல்பனியைச் சேர்ந்த ஆலிஸ் கோச்மன். ஊரில் வெள்ளையர் பயன்படுத்திய மைதானங்களில் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. மண் ரோட்டில் வெறுங்காலோடு ஓடி, கிடைத்த கயிற்றையும் குச்சியையும் வைத்து உயரம் தாண்டிப் பழகியவர். டஸ்கிகியில் படித்தபோது உடற்பயிற்சிக் கூடத்தைத் துடைத்தார், அணிகளின் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தார். அந்த வேலைதான் அவருடைய உதவித்தொகை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஊர் திரும்பியபோது பாராட்டுக் கூட்டம் நடந்தது. அரங்கில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். மேயர் மேடையிலேயே இருந்தார், கோச்மனின் கையைக் குலுக்கவில்லை. தங்கத்தைத் தொட்ட கையைத் தொட மறுப்பது என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (இனமும் சாதியும் ஒன்றல்ல, அந்தக் கவனம் நமக்கு வேண்டும். ஆனால் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டு 1946-ல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் பாபாசாகேப்.)

நாஷ்வில்லில் டென்னசி ஸ்டேட் கல்லூரியில் அதே வழியை இன்னும் விரிவாகச் செய்தவர் எட் டெம்பிள். அவர் அங்கே சமூகவியல் ஆசிரியரும்கூட. சமூகவியல் படித்த எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை, மறைப்பானேன். 1950-களிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் பள்ளி மாணவிகளைத் தன் வளாகத்துக்கு அழைத்தார். ஓடுதளம் என்பது சரியாக முடிக்கப்படாத ஒரு மண் வளையம். விடியற்காலையிலேயே ஓட்டம் தொடங்கும், வெயிலிலும் தொடரும். போட்டிக்கு வெளியூர் போனால் காரில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள், ஏனென்றால் தெற்கில் சாலையோர உணவகங்களில் கறுப்பர்களை உட்காரவைக்க மாட்டார்கள், கழிப்பறையும் திறக்க மாட்டார்கள்.

இந்தக் கோடை முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் வில்மா ருடால்ஃப். கிளார்க்ஸ்வில்லைச் சேர்ந்தவர், பெரிய குடும்பத்தில் இருபதாவது குழந்தை. சிறுவயதில் போலியோ தாக்கிக் காலில் இரும்புப் பட்டை கட்டி நடந்தவர். பள்ளியில் படிக்கும்போதே கோடைகளில் நாஷ்வில்லில் பயிற்சி பெற்று, 16 வயதில் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். பள்ளி முடிக்கும் நேரத்தில் கர்ப்பமானார். தாயானவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதி. அந்த விதியை அவரே தளர்த்தினார். குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ள, வில்மா 1958-ல் கல்லூரியில் சேர்ந்தார். 1960 ரோமில் மூன்று தங்கம். கிளார்க்ஸ்வில் வரவேற்பு ஊர்வலம் நடத்த முன்வந்தபோது, இனப் பிரிவினை இருந்தால் வரமாட்டேன் என்று சொன்னார். அந்த ஊரில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து நின்ற முதல் பொது நிகழ்ச்சி அதுதான்.

இன்னொருவர் வையோமியா டையஸ். தந்தையை இழந்த பதினைந்து வயதுப் பெண்ணாக ஜார்ஜியாவிலிருந்து டெம்பிளின் முகாமுக்கு வந்தார். 1964-லும் 1968-லும் 100 மீட்டர் தங்கம், அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் அந்தத் தங்கத்தை வென்ற முதல் மனிதர். ஆண்களில்கூட அதற்கு முன் யாரும் செய்ததில்லை. 1968 மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்து கையுயர்த்தியதற்காக வெளியேற்றப்பட்டபோது, தொடர் ஓட்டத்தில் வென்ற தங்கத்தை அவர்களுக்குச் சமர்ப்பித்தார். கையுயர்த்திய படம் நம் சுவர்களிலெல்லாம் இருக்கிறது. டையஸின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

டெம்பிளிடம் ஓடிய ஒலிம்பிக் வீராங்கனைகள் 40 பேர். ஏறக்குறைய எல்லோருமே பட்டம் பெற்றார்கள். அணிக்கு வருவது ஓடுவதற்கு மட்டுமல்ல, பட்டத்தோடு வெளியே போவதற்கு என்பதில் அவர் கறாராக இருந்தார். பெண்களுக்கு அன்று விளையாட்டு உதவித்தொகை கிடையாது. வளாகத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேலை செய்துதான் படித்தார்கள். கஷ்டமான ஏற்பாடு, அதை அழகுபடுத்திச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் கோடையில் அழைத்தவருக்கு நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் என்ன ஆவாள் என்ற கவலை இருந்தது.

இதே காலத்தில் தெற்கின் பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்கு மூடியே இருந்தன. நாஷ்வில்லிலேயே, டெம்பிளின் மைதானத்திலிருந்து அதிகத் தூரமில்லாத வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 1966-ல் பெர்ரி வாலஸ் கூடைப்பந்துக்காகச் சேர்ந்தார். பள்ளியில் முதல் மாணவர், பொறியியல் படிக்க வந்தவர். வளாகத்தருகே ஒரு தேவாலயத்தில் அவரைத் தனியே அழைத்து இனி வர வேண்டாம் என்றார்கள். வெளியூர் ஆட்டங்களில் அரங்கமே வசை பாடியது. பட்டம் வாங்கினார், பின்னாளில் சட்டப் பேராசிரியர் ஆனார்.

கெண்டக்கி பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு நேட் நார்த்திங்டன், கிரெக் பேஜ் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் வந்தார்கள். ஒரே அறையில் தங்கினார்கள். 1967 ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்குமுன் நடந்த பயிற்சியில் பேஜுக்குக் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தது. செப்டம்பர் 29 அன்று இறந்தார். மறுநாள் நார்த்திங்டன் மைதானத்தில் இறங்கினார். அந்தத் தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஃபுட்பால் ஆட்டமொன்றில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. அறை நண்பன் இறந்த மறுநாள். சில வாரங்களில் அவர் அணியை விட்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகுமுன் மற்ற இரண்டு கறுப்பின வீரர்களிடம், நீங்கள் போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் நின்றார்கள். நால்வருக்கும் 2016-ல் அங்கே சிலை வைத்தார்கள்.

இனி விதிகள். கொஞ்சம் வறட்சியான பகுதி, ஆனால் ஜூன் மாதத்து வளாகத்தின் பொருள் இதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. பழைய விதிப்படி முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆட முடியாது. ஒரு வருடம் படித்து, ஊரைப் பழகி, பிறகுதான் ஆட்டம். 1972-ல் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே, நான்காண்டுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒன்றாக மாற்றினார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை வந்த சில வாரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் முன் ஆட வேண்டும். சரியாக ஆடாவிட்டால் அடுத்த வருடம் படிப்புக்குப் பணம் இருக்குமா என்பது பயிற்சியாளரின் கையில். அப்படியான இடத்துக்கு ஆகஸ்டில் வந்தால் போதுமா? சீக்கிரம் வருவதற்கான நெருக்கடி அங்கே பிறந்தது.

1983-ல் இன்னொரு விதி வந்தது, 1986-ல் அமலானது. முதலாண்டில் ஆட வேண்டுமானால் சாட் தேர்வில் 700 மதிப்பெண் அல்லது அதற்கு இணையான இன்னொரு தேர்வு மதிப்பெண் வேண்டும், முக்கியப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரியும் வேண்டும். கறுப்பினக் கல்லூரிகளின் தலைவர்கள் கொதித்தார்கள். தேர்வே வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்காகத் தைத்த சட்டை என்றார்கள். 1989-ல் தகுதி பெறாதவர்களுக்கு உதவித்தொகையையும் மறுக்கும் விதி வந்தபோது, ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஜனவரி 14 அன்று ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கை விட்டு வெளிநடப்புச் செய்தார். ஆனால் எல்லாக் கறுப்பினத் தலைவர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஸ்மித், கார்லோஸ் எதிர்ப்புக்குப் பின்னால் இருந்த சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் 1983 விதியை ஆதரித்தார். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷும் தகுதியை உயர்த்த வேண்டும் என்றார். நம் பிள்ளைகளைப் படிக்கவைக்காமலேயே ஆடவைத்துத் தூக்கி எறிகிறார்கள், பள்ளிகள் அவர்களுக்கு ஒழுங்காகக் கற்பிக்கும்படி நிர்ப்பந்தம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீட் விவாதத்தில் ஊறிய நமக்குத் தாம்சன் பக்கம் சாய்வது எளிது. எங்கள் சாய்வும் அதுதான். ஆனாலும் எட்வர்ட்ஸ் சுட்டிய காயம் உண்மையானது. கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து வீரர் 1978 முதல் 1982 வரை கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, சரியாகப் படிக்கத் தெரியாத நிலையில் வெளியே வந்தார். பிறகு சிகாகோவில் ஒரு பள்ளியில், சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றார். நான்கு வருடம் அவரைப் பார்த்து ஆர்ப்பரித்த ஓர் அரங்கில் யாருக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? தேர்வு மதிப்பெண் நிபந்தனையை என்.சி.ஏ.ஏ. கடைசியில் 2023 ஜனவரியில்தான் கைவிட்டது.

கோடை வகுப்பு இந்த விதிகளுக்குள் எப்படி வேலை செய்கிறது? ஆட வேண்டுமானால் ஆண்டுதோறும் இத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80. சீசன் நடக்கும் செமஸ்டரில் வாரத்துக்கு 20 மணி நேரம் அதிகாரப்பூர்வப் பயிற்சி, அதற்கு வெளியே பயணம், ஆட்டம், சிகிச்சை. அந்தச் செமஸ்டரில் குறைந்தபட்சப் பாடங்களோடு தப்பிக்க வேண்டுமானால் கோடையிலேயே ஆறு கிரெடிட் முடித்து வைத்துக்கொள்வது நல்லது. 2012-ல் ஆண்கள் கூடைப்பந்துக்கும் 2014-ல் ஃபுட்பாலுக்கும், கோடையில் வாரம் எட்டு மணி நேரம் கட்டாயப் பயிற்சி வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. அதற்குமுன் அவை 'விருப்பத்தின் பேரில்' நடந்த பயிற்சிகள். அந்தச் சொல்லை நாங்கள் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! வராமல் இருந்தவன் யார் என்று குறித்துக்கொள்ளும் ஒருவர் இருக்கும் இடத்தில் விருப்பம் ஏது?

கோடையில் முன்கூட்டி வருவதால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நூலகம் எங்கே, பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, பாடத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கூட்டம் இல்லாத ஆறு வாரத்தில் கற்றுக்கொள்வது பெரிய வரம். எங்களில் பலர் முதலாண்டில் ஹாஸ்டல் படிவத்தை நிரப்பத் தெரியாமல் நின்றவர்கள்தான். 1960-களின் குடியுரிமைப் போராட்டத்தையும் வறுமை ஒழிப்புச் சட்டங்களையும் ஒட்டி, ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் 'அப்வர்ட் பவுண்ட்' போன்ற அரசுத் திட்டங்கள் இதற்காகத்தான் வந்தன. அவற்றிலும் கோடை வகுப்பு உண்டு. ஓடத் தெரியுமா, தாண்டத் தெரியுமா என்று அங்கே கேட்பதில்லை.

விளையாட்டு வீரருக்குக் கிடைக்கும் கோடை எந்தப் படிப்பை நோக்கிப் போகிறது என்பதுதான் எங்கள் கவலை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்களுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். 2014-ல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அப்படிப் பெற்றார்கள், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் விளையாட்டு வீரர்கள். அந்த வெற்றுப் பாடங்களை வைத்திருந்த துறை எது தெரியுமா? ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறை. கறுப்பின மாணவர்கள் போராடிப் பெற்ற துறைகள் அந்நாடெங்கும் இருக்கின்றன. அத்தகைய ஒன்றிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினார்கள்.

அதே பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் தொடர்பான வழக்குகளில்தான் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடைசெய்தது. விளையாட்டுக்காகச் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கறுப்பினப் பிள்ளைகள்தானே அதில் பயன்பெறுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்ட் போன்ற இடங்களில் படகு வலித்தல், வாள்வீச்சு, பாய்மரப் படகு எல்லாமே சேர்க்கைக்கான வழிகள். சேரிப் பள்ளியில் பாய்மரப் படகு ஏது? அந்த வழக்கில் வெளியான தரவை வைத்துப் பொருளியலாளர்கள் செய்த ஆய்வில், ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேல் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், நிர்வாகத்தின் தனி ஆர்வப் பட்டியலில் இருந்தவர்கள் ஆகிய வகைகளில் வந்தவர்கள். 'மெரிட்' என்பதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நம் கல்லூரிகளில் விவாதிக்கும்போது இந்த எண் உதவும்.

கோடையின் இன்னொரு முகம் வெயில். மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் இருந்த ஜோர்டன் மெக்நேருக்கு வயது 19. முதலாண்டை முடித்திருந்தார். 2018 மே 29 அன்று 110 கெஜ ஓட்டங்களை மீண்டும் மீண்டும் ஓடவைத்த பயிற்சியில் வெப்பத்தாக்கு ஏற்பட்டது. பனிநீரில் அமிழ்த்தி உடல் சூட்டைத் தணிப்பது இதற்கு எல்லோரும் அறிந்த முதலுதவி. அதைச் செய்யவில்லை. அவசர ஊர்திக்கான அழைப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே போனது. ஜூன் 13 அன்று இறந்தார். பல்கலைக்கழகம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. பயிற்சியாளர் முதலில் திரும்பச் சேர்க்கப்பட்டார், மாணவர்களும் அரசியல் தலைவர்களும் எதிர்த்த பிறகு மறுநாளே நீக்கப்பட்டார். பெற்றோர் ஓயவில்லை. அவர்கள் நடத்திய இயக்கத்தால் 2021-ல் மேரிலாந்தில் மகன் பெயரிலேயே மாணவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மெக்நேர் பயிற்சியில் இருந்தபோது மாணவரா, தொழிலாளியா? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரத்தில் இல்லை என்று கூறி 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. என்.சி.ஏ.ஏ.வின் தலைவராக நீண்டகாலம் இருந்த வால்டர் பையர்ஸ், இப்படிப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தடுக்கவே 'மாணவ வீரர்' என்ற சொல்லைத் தாங்கள் உருவாக்கியதாக ஓய்வுபெற்ற பின் தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு சொல் எத்தனை குடும்பங்களின் வாயை அடைத்திருக்கிறது என்று பாருங்கள்.

2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றதால், ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். இதில் பெண்களின் விளையாட்டுகளுக்கு எவ்வளவு போகும் என்பதில் சண்டை தொடங்கிவிட்டது. கோச்மன் தைத்த சீருடைகள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. டென்னிசனின் மனைவி கேட்ட கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது: 2024 ஜூலையில் பிலடெல்பியாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்களும் ஊதியச் சட்டத்தின் கீழ் தொழிலாளர்களாக இருக்கக்கூடும், 'அமெச்சூர்' என்று சொல்லி அதை மறுத்துவிட முடியாது என்றது.

கபடி வீராங்கனையிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இரவு ஒன்பதாகிவிட்டது. அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு டையஸின் படம் இருக்கிறதா என்று கேட்டார். 1968 ஓட்டத்தின் வீடியோவைக் காட்டினோம். மழை பெய்துகொண்டிருந்த மைதானத்தில் அவர் கோட்டைத் தாண்டுவதை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.